நீள லென்ஸை எதன்மேல் வைப்பது? எனக்கு யாரும் சொல்லாத சில விஷயங்கள்

பறவைப் படம் எடுக்கப் பெரிய லென்ஸ் வாங்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும், வாங்கிவிட்டுப் படம் ஏன் தெளிவாக வரவில்லை என்று தெரியாமல் தூக்கம் கெட்டுக் கிடப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் இரண்டாவது ரகம். ஒரு வலசைக் காலம் முழுவதும் வீணாகப் போனது. லென்ஸ் விலையைச் சேர்க்காமலே 25,000 ரூபாய்க்கு மேல் கையைவிட்டுப் போனது. அதைவிட, எனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று வீட்டில்கூடச் சொல்லாமல் பயந்து திரிந்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை. யாராவது பத்து நிமிடம் உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. எந்த லென்ஸ் நல்லது என்று கேட்டால் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அதை எதன்மேல் வைத்து எடுப்பது என்று யாரும் வாய் திறப்பதில்லை.

நான் திருப்பூர்க்காரன். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. சாம்பிள், பையர் மெயில், ஷிப்மெண்ட் என்று வாரம் ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மட்டும் எனக்கே எனக்கு. ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையம் பக்கத்தில் இருக்கிற நஞ்சராயன் குளம்தான் என் இடம். திருப்பூர் என்றாலே சாயத் தண்ணீர் என்று பேசுகிறவர்களை ஒரு மார்கழிக் காலையில் அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை. 300 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள குளம் அது. 2022-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நாமக்கோழி, மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா எல்லாம் பார்க்கலாம். இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற வரித்தலை வாத்துகூட இங்கே வந்து இறங்கியிருக்கிறது. ஆனால் வாத்துக் கூட்டம் கரைப்பக்கம் ஒதுங்காது, நடுக்குளத்தில்தான் மிதக்கும். என்னிடம் இருந்த சின்ன லென்ஸில் அவை வெறும் புள்ளிகள். அதனால்தான் சீட்டுப் பணம் எடுத்து, கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து 150-600 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் பழையதாக 58,000 ரூபாய்க்கு வாங்கினேன். லென்ஸ் மட்டும் இரண்டு கிலோ, கேமராவோடு சேர்த்தால் இரண்டே முக்கால்.

முதல் நாள் கரையில் நின்று எடுத்த படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு வாத்துக்குக்கூடக் கண் கண்ணாக இல்லை. கருவிழியில் விழுகிற வெளிச்சப் புள்ளி ஒரு சின்னக் கோடாக இழுத்துக்கொண்டு கிடந்தது. இறகின் வரிகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. ஐந்நூறு அறுநூறு படங்களில் தேறுவது ஒன்றோ இரண்டோ, அதுவும் ஏதோ தற்செயலாக. பழைய லென்ஸை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சர்வீஸ் சென்டர் ஒன்றில் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்து, லென்ஸில் எந்தக் குறையும் இல்லை என்று ஒரு காகிதத்தோடு திருப்பித் தந்தார்கள். பரிசோதனைக் கட்டணம் 2,360 ரூபாய். குறை லென்ஸில் இல்லையென்றால் வேறு எதில் என்று ஒரு வார்த்தை கேட்டேன். "நீங்க எடுக்கற விதத்துல இருக்கும் சார்" என்றார் கவுண்டரில் இருந்தவர், அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த மூன்று வாரமும் அந்தப் பணமும் உங்களுக்குப் போக வேண்டாம். வீட்டிலேயே சோதிக்கலாம். உறுதியான மேசைமேல் இரண்டு கிலோ அரிசிப் பையைப் படுக்க வைத்து அதில் லென்ஸை அழுத்தி உட்கார வையுங்கள். பத்துப் பதினைந்து அடி தள்ளி, நல்ல வெளிச்சத்தில், சுவரில் செய்தித்தாளை ஒட்டுங்கள். இரண்டு விநாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பொடி எழுத்து முனை மழுங்காமல் வந்தால் லென்ஸ் நன்றாகவே இருக்கிறது, ஆட்டம் வேறு எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம்.

என் விஷயத்தில் ஆட்டம் வந்தது என் கையிலிருந்துதான். அது தெரிந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் என் அப்பா. அவருக்குப் பார்கின்சன் நோய். கடைசி ஆறேழு வருடம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய வலது கை மடிமேல் தானாக ஆடிக்கொண்டே இருக்கும், கட்டை விரல் ஆள்காட்டி விரலை உருட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். லென்ஸை ஏந்தும்போது என் இடது கை நடுங்குவதைக் கவனிக்கத் தொடங்கியதும் வேறு எதுவும் மனதில் நிற்கவில்லை. டம்ளரைப் பிடிக்கும்போது பார்ப்பேன், சாவியைப் போடும்போது பார்ப்பேன், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கையை நீட்டி விரல்மேல் காகிதத்தை வைத்து அது ஆடுகிறதா என்று பார்ப்பேன். ஆடத்தான் செய்தது. மனைவியிடம் சொல்லவில்லை. ஆபீஸில் லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் போய் நரம்பியல் மருத்துவரைத் தனியாகப் பார்த்தேன். போக வர எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய்.

அந்த மருத்துவர் மிகவும் பொறுமையானவர். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, மையத்திலிருந்து வெளியே போகிற சுருள் ஒன்றை வரையச் சொன்னார். இரண்டு கையாலும் வரைந்தேன். மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்க வைத்துப் பார்த்தார். பிறகு, பார்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா கிடக்கும்போதுதான் தெரியும், பொருளை எடுக்கப் போகும்போது குறையும் என்று விளக்கினார். எனக்கு நடப்பது அதற்கு நேர் எதிர். கனத்தை ஏந்தினால் யாருக்கும் கை நடுங்கும், விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை நுண்ணியதாக ஆடுவது மனித உடம்பின் இயல்பு, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது என்றார். பசி, தூக்கமின்மை, பயம், காபி, டீ எல்லாம் அதைக் கூட்டும். நானோ குளத்துக்குப் போகிற வழியில் வெறும் வயிற்றில் ஸ்ட்ராங் டீ இரண்டு குடித்துவிட்டுப் போகிறவன். அந்த அறையைவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோய் இருந்து, உங்களுக்கும் இந்தப் பயம் இருந்தால் மனசுக்குள் வைத்துப் புழுங்காமல் போய்க் காட்டிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு சின்ன நடுக்கம் படத்தைக் கெடுக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வருகிற கோணத்தில் ஒரே ஒரு பங்கு, அவ்வளவுதான் லென்ஸ் அசைகிறது என்று வையுங்கள். 600 மி.மீ. லென்ஸில் அந்த அசைவு, படம் பதிகிற சென்சாரின் மேல் சுமார் 0.17 மில்லிமீட்டர் நகர்வாக மாறும். இன்றைய கேமராக்களில் பலவற்றுக்கு ஒரு பிக்ஸலின் அகலம் 4 மைக்ரான், அதாவது 0.004 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. அப்படியானால் வாத்தின் கண் நாற்பது பிக்ஸலுக்கு மேல் இழுபடுகிறது. குவிய நீளத்தின் தலைகீழ் அளவுக்காவது ஷட்டர் வேகம் இருக்க வேண்டும், அதாவது 600 மி.மீ. லென்ஸுக்கு 1/600 விநாடியாவது வேண்டும் என்று பழைய ஆட்கள் சொல்கிற விதியும் இதனால்தான். என்னுடையது சின்ன சென்சார் கேமரா, ஒன்றரை மடங்கு பெருக்க வேண்டும், ஆக 1/900 விநாடியாவது வேண்டும். நான் மங்கல் வெளிச்சத்தில் 1/400 வைத்துக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். லென்ஸுக்குள் இருக்கிற, ஆட்டத்தைச் சமன் செய்கிற ஸ்டெபிலைசர் கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் இரண்டே முக்கால் கிலோவை ஏந்தி ஏந்தித் தோள்பட்டை ஓய்ந்துபோன கைக்கு அது ஈடு கொடுக்காது.

சரி, ஸ்டாண்ட் வாங்குவோம் என்று கடைக்குப் போனேன். என்ன லென்ஸ் என்று சொல்லித்தான் கேட்டேன். கடைக்காரர் 3,200 ரூபாய்க்கு ஒரு முக்காலியை எடுத்து வைத்து, அஞ்சு கிலோ தாங்கும் என்று அட்டைப்பெட்டியைக் காட்டினார். தாங்குவது வேறு, ஆடாமல் பிடிப்பது வேறு என்று அவரும் சொல்லவில்லை, பெட்டியிலும் போடவில்லை. கடைசிக் கால் குழாய் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. கரையில் காற்று அடித்தால் மொத்தமும் அதிர்ந்தது. தை மாதத்தில் ஒரு காலை, பின்னங்காலின் பூட்டு ஈரமண்ணில் நழுவி, முக்காலி அப்படியே ஒருக்களித்துச் சாய்ந்தது. இரண்டடி தள்ளி நின்று ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தேன். எட்டிப் பிடிப்பதற்குள் லென்ஸின் முன்பக்கம் கருங்கல்லில் போய் இடித்தது. கண்ணாடி தப்பியது, கேமராவில் மாட்டுகிற வளையம் வளைந்துவிட்டது. பழுது பார்க்க 14,500 ரூபாய். சீட்டுத் தவணையே இன்னும் முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் கேமராப் பையைப் பீரோவுக்கு மேலே போட்டுவிட்டு ஒரு மாதம் தொடவில்லை.

முக்காலி வாங்குவதானால் பெட்டியில் இருக்கிற கிலோக் கணக்கைப் பார்க்காதீர்கள். கடையிலேயே முழு உயரத்துக்கு நிறுத்தி, மேலே உங்கள் லென்ஸை மாட்டி, விரலால் ஒரு தட்டுத் தட்டி, கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரில் பாருங்கள். ஆட்டம் அடங்க இரண்டு விநாடிக்கு மேல் ஆனால் வேண்டாம். நடுத் தண்டை உயர்த்தவே உயர்த்தாதீர்கள், அதை உயர்த்தினால் மூன்று கால் இருந்தும் ஒற்றைக் கால்மேல் நிற்கிற கதைதான். ஒரு காலை லென்ஸ் பார்க்கிற திசையில் முன்னால் வையுங்கள். கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள், காற்றில் அது படபடப்பதுகூடப் படத்தில் தெரியும். லென்ஸிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்பால் போகவே போகாதீர்கள்.

அடுத்தது இன்னொரு கூத்து. இணையத்தில் ஷூட்டிங் ஸ்டிக் என்று ஒன்று கண்ணில் பட்டது. வெளிநாட்டில் வேட்டைக்குப் போகிறவர்கள் ரைஃபிளைச் சாய்த்து வைத்துச் சுடுவதற்காகத் தூக்கிக்கொண்டு திரிகிற கம்பு அது. தலையில் V மாதிரி ஒரு கவை. நம் தோட்டத்தில் முள் இழுத்துப் போடுகிற கவைக்கோல் இருக்கிறதே, யோசனை அதேதான். ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டிலேயே கனமான மஸ்கட் துப்பாக்கியை இப்படிக் கவைக்கம்பு ஊன்றி அதன்மேல் வைத்துத்தான் சுட்டிருக்கிறார்கள். எடை குறைவு, நொடியில் உயரம் மாற்றலாம், காடு மேடெல்லாம் கொண்டு போகலாம் என்று படித்ததும் எனக்கு இதுதான் வழி என்று தோன்றியது. 4,100 ரூபாய். வந்து சேர்ந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ரைஃபிளின் முன்கட்டை ஒல்லியானது, அந்தக் கவைக்குள் சரியாக அமரும். லென்ஸோ என் தொடைத் தடிமன். கவையின் இரண்டு நுனியில் மட்டும் பட்டுக்கொண்டு உருண்டது. பட்ட இடமும் ஜூம் வளையம், கம்பைத் திருப்பினால் ஜூம் திரும்பியது. சில கம்புகளில் கவையைக் கழற்றினால் கேமரா மாட்டுகிற கால் அங்குலத் திருகாணி இருக்கும். எனக்கு வந்ததில் அதுவும் இல்லை. துப்பாக்கிக்காகச் செய்த எந்தத் தாங்கியையும் கேமராவுக்கு வாங்குமுன் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள்: கவையின் அகலம் எவ்வளவு, கழற்றினால் திருகாணி இருக்கிறதா.

ஆனால் அந்தக் கம்புதான் என்னை மாமாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. காங்கேயம் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கிறார், அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நோம்பிப் பண்டிகைக்குப் போயிருந்தபோது காரில் கிடந்த கம்பைப் பார்த்துவிட்டு, "என்றா மாப்ள, துப்பாக்கிக் கம்பெல்லாம் வெச்சிருக்கற?" என்று எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பாவைப் பற்றிய பயம் உட்பட. அவர் சிரிக்கவில்லை. லென்ஸைக் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். "நாலு கிலோவுக்கு மேல இருக்கற ரைஃபிளையே எங்களுக்கு மொதல்ல மணல் மூட்டை மேல வெச்சுத்தான் சுடச் சொல்லிக் குடுத்தாங்க. இதைய நீ நின்னுக்கிட்டு அந்தரத்துல புடிச்சா எப்படிக் கண்ணு நிக்கும்?" என்றார்.

அன்று சாயங்காலம் களத்தில் சாக்கை விரித்து என்னைக் குப்புறப் படுக்க வைத்தார். ஒரு சின்னச் சிப்பத்தில் சோளத்தை அரைவாசி கொட்டி முன்னால் வைத்து, அதன்மேல் லென்ஸ். தூரத்தில் மோட்டார் ரூமுக்கு மேலே மின்கம்பத்துப் பீங்கான் தெரிந்தது, அதுதான் குறி. "பீங்கானைப் பாத்துக்க. கண்ணை மூடு. ஒடம்பைத் தளர விடு. மூச்சு ரெண்டு வாங்கி விட்டுப்போட்டு, இப்பக் கண்ணைத் தொற." திறந்தால் குறி பீங்கானில் இல்லை, வலப்பக்கம் ஒரு முழம் தள்ளிப் பனைமட்டையில் இருந்தது. "அதுதான் உன்ற ஒடம்பு தானாப் போற எடம். கையால இழுத்துப் பீங்கான் மேல வெச்சா சதை பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கும், நடுங்கும். கையைத் தொடாத, இடுப்பை நகத்து." இடுப்பையும் கால்களையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, கண்ணை மூடித் திறந்தால் குறி தானாகப் பீங்கானில் வந்து நிற்கிற வரைக்கும் செய்ய வைத்தார். வந்து நின்றபோது வியூஃபைண்டருக்குள் இருந்த அமைதியை நான் அதுவரை பார்த்ததில்லை. பீங்கானின் விளிம்பில் இருந்த விரிசல் தெரிந்தது.

அவர் சொன்ன மற்றதையும் சொல்லிவிடுகிறேன், ஒன்றுகூட வீணில்லை. ரைஃபிளை மூட்டையில் வைக்கும்போது குழலை வைக்கக் கூடாது, கட்டையைத்தான் வைக்க வேண்டும், குழல் எதிலாவது முட்டினால் குண்டு இடம் மாறிப் போகும். லென்ஸுக்கும் தூக்கிப் பார்த்தால் முன்பின் சாயாமல் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது, அந்த இடம்தான் பைமேல் உட்கார வேண்டும். ஜூம் வளையமும் ஃபோகஸ் வளையமும் பையில் மாட்டக் கூடாது. இடது கையைக் கீழே கொடுத்துத் தூக்காமல் லென்ஸின் முதுகில் லேசாக வைத்து அழுத்த வேண்டும். மூச்சைப் பாதி விட்டதும் உடம்பு இயல்பாக ஒரு கணம் அடங்கும், அந்தக் கணத்தில் அமுக்க வேண்டும். அடக்கிக்கொண்டு எட்டுப் பத்து விநாடிக்கு மேல் இருந்தால் பார்வை மங்கும், நடுக்கமும் கூடும், விட்டுவிட்டு மறுபடி தொடங்குவது நல்லது. பட்டனைத் தட்டக் கூடாது, விரலைப் பட்டன்மேலேயே வைத்து மெதுவாக அழுத்த வேண்டும், அழுத்திய பிறகும் ஒரு விநாடி அப்படியே கிடக்க வேண்டும். உட்கார்ந்து எடுப்பதானால் முழங்கையின் முனையை முழங்கால் சில்லின்மேல் வைக்கக் கூடாது. எலும்பின்மேல் எலும்பு உருளும். முழங்கால் சில்லைத் தாண்டி மேற்கையின் சதைப்பகுதி படும்படி குனிந்து உட்கார்ந்தால் பூட்டுப் போட்டது போல நிற்கும். 100 கஜ தூரத்தில் ஒரு அங்குலம் தவறினால் அது கிட்டத்தட்ட டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு என்று அவர் சொன்னபோது, நான் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வைத்திருந்த அதே கோணம் என்று தெரிந்து எனக்குச் சிலிர்த்துவிட்டது.

மறுநாளே கம்பெனிக்குப் போனதும் எங்கள் பவர்டேபிள் டெய்லர் அக்கா ஒருவரிடம் பை தைக்கச் சொன்னேன். பனியன் துணி கேட்டேன். "அது இழுத்துக்கிட்டுப் போகுமுங்க, உள்ள தானியம் நிக்காது. கித்தான் எடுத்துட்டு வாங்க தம்பி" என்றார். ஒவ்வொன்றும் 28 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலத்தில் இரண்டு பைகள், நடுவில் 10 செ.மீ. அகலத்துக்குப் பட்டையாக ஒரு இணைப்பு. தரையில் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் லென்ஸ் பள்ளத்தில் படுக்கும். கார் கதவில் போட்டால் ஒரு பை உள்ளே, ஒரு பை வெளியே. உள்ளே தானியத்துக்குத் தனியாக ஒரு துணி உறை, வெளி உறைக்கு ஜிப், ஓரமெல்லாம் இரட்டைத் தையல். துணி, ஜிப், அக்காவுக்குக் கொடுத்தது, தானியம் எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள் முடிந்தது. 4,100 ரூபாய்க் கம்பு இப்போது வீட்டில் ஒட்டடை அடிக்க ஆகிறது.

உள்ளே என்ன போடுவது என்பதிலும் நான் பட்டுத் தெரிந்துகொண்டது உண்டு. மணல் கனம் நன்றாக நிற்கும், ஆனால் தூசி கசிந்து ஜூம் குழாய்க்குள் போய்விடும், ஈரம் பட்டால் கல்லாகிவிடும். தெர்மாகோல் மணி கனமே இல்லை, அழுத்தினால் கிறீச்சிடும், பறவை கிளம்பிவிடும். கொள்ளு வழுவழுப்பு, லென்ஸ் அமர்ந்ததும் இரண்டு பக்கமும் ஓடிவிடும். ராகி ஊசித் துளை வழியாகவே ஒழுகும். சோளமோ கம்பு தானியமோ முக்கால் பங்கு நிரப்பினால் லென்ஸின் வடிவத்துக்குப் படிந்து அங்கேயே நிற்கும். பிதுங்கப் பிதுங்க நிரப்பினால் பை உருளும். வெளியூர் போகும்போது காலிப் பையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இறங்கிய ஊர் மளிகைக் கடையில் இரண்டரைக் கிலோ வாங்கி நிரப்பிக்கொள்கிறேன். மழைக்காலத்துக்கு மட்டும் பிளாஸ்டிக் குருணை.

எல்லா இடத்துக்கும் இந்தப் பை ஒன்றே போதும் என்று சொல்ல மாட்டேன். நஞ்சராயன் குளத்துக் கரையில் படுத்தோ உட்கார்ந்தோ எடுக்க இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். வாத்தின் கண் மட்டத்துக்கு நாமும் இறங்கிவிடுவதால் படமே வேறு மாதிரி வரும். நின்ற இடத்திலேயே சிறகடித்து, சடாரென்று தண்ணீரில் விழுகிற கருப்பு வெள்ளை மீன்கொத்திக்கு ஒற்றைக்கால் ஸ்டாண்ட்தான் தோது. அதை நேராக நிறுத்தாமல் கொஞ்சம் முன்னால் சாய்த்து ஊன்றி, நம் இரண்டு கால்களையும் அகட்டி வைத்தால் மூன்று காலும் சேர்ந்துவிடும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம் வரையாடு நிற்கும், அங்கே காரைவிட்டு இறங்காமல் கதவில் பையைப் போட்டு எடுக்கலாம். கண்ணாடியை முழுக்க இறக்கிவிடுங்கள், பாதி ஏற்றிய கண்ணாடியின்மேல் இவ்வளவு கனத்தை வைத்தால் உடையும். எஞ்சினை அணைக்காமல் எடுத்த படம் ஒன்றுகூட உருப்படாது. பின் சீட்டில் இருப்பவர் பிஸ்கட் பாக்கெட்டை எடுக்கத் திரும்பினால்கூட லென்ஸில் தெரியும், சொல்லிவையுங்கள். ஸ்டெபிலைசரை உறுதியான முக்காலியில் அணைத்துவிடுகிறேன், சில லென்ஸ்களில் அதுவே இல்லாத ஆட்டத்தைத் தேடி ஆடும். பையிலும் ஒற்றைக்காலிலும் போட்டே வைத்திருக்கிறேன்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். சத்தியமங்கலம் பக்கம் காட்டோரக் கிராமம் ஒன்றில், வேலி ஓரமாகப் பச்சைப் புள்ளித் துணி சுற்றிய லென்ஸோடு படுத்திருந்தேன். வனத்துறைக் காவலர் ஒருவர் பின்னாலிருந்து, "ஏனுங்க, எந்திரிங்க. கையில என்னது?" என்றார். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஊர்க்காரர்கள் நாலு பேர். தூரத்திலிருந்து அவர்கள் கண்ணுக்கு அது துப்பாக்கி. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், அந்த ஊரில் அவர்கள் சந்தேகப்பட்டது முழுக்க நியாயம். அதிலிருந்து காட்டோரத்தில் லென்ஸுக்கு அந்தத் துணி சுற்றுவதில்லை. முதலில் ஊருக்குள் போய் நான்கு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன். புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலையில் வண்டியை நிறுத்துவதோ இறங்குவதோ கூடவே கூடாது. பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்தான் வருகிறது. எவ்வளவு நல்ல தாங்கி கையில் இருந்தாலும் கூட்டுப் பக்கம் போகாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் ஒன்பதரை மணிக்கு மேல் படம் மங்கலாக வந்தால் கலங்க வேண்டாம். வெயில் ஏறியதும் தண்ணீர்மேல் காற்று கொதித்து அலையும், அதை எந்தத் தாங்கியும் நிறுத்தாது. நான் ஆறு மணிக்குப் படுத்து ஒன்பதுக்கு எழுந்துவிடுகிறேன். டீ அதற்கப்புறம்தான். சித்திரையில் வலசைப் பறவைகள் கிளம்பிய பிறகு சோளத்தைக் கொட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டு வைத்து உறையையே துளைத்துவிடும். என்னுடையது மாமாவின் மாட்டுக்குப் போய்விடும். ஐப்பசியில் புதிதாக நிரப்பிக்கொள்கிறேன். நஞ்சராயன் குளத்துப் பக்கம் வருகிறவர்கள் கரையில் கித்தான் பையோடு குப்புறப் படுத்திருப்பவனைப் பார்த்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். என் பையின்மேல் உங்கள் லென்ஸை வைத்து நாலு படம் எடுத்துப் பாருங்கள், ஸ்டாண்டுக்குப் பணம் போடுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.